காற்று ஓய்ந்த கடலில் எத்தனை குதிரை?

1833-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சிசிலித் தீவின் பலெர்மோ துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்சேய் நகருக்கு ஆரஞ்சுப் பழம் ஏற்றிச் சென்ற பாய்மரப் படகொன்று, கோர்சிகாவுக்கும் சார்டினியாவுக்கும் இடைப்பட்ட பொனிபாசியோ நீரிணையில் காற்றின்றி ஒரு வார காலம் அசையாது நின்றது. சிசிலியில் கொடுங்காய்ச்சலில் விழுந்து பிழைத்தெழுந்த முப்பத்திரண்டு வயது ஆங்கிலிக்கன் குரு ஒருவர் அப்படகில் இருந்தார். பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்து கர்தினாலாக உயர்ந்து, 2019-இல் புனிதராகவும் 2025-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பெற்ற ஜான் ஹென்றி நியூமன்தாம் அவர். 'லீட் கைண்ட்லி லைட்' என்னும் புகழ்பெற்ற பாடல் அந்தக் கடற்பயணத்தில்தான் பிறந்தது. வரலாறு பாடலை நினைவில் வைத்தது, பழத்தை மறந்தது. ஜூன் மாத வெயிலில் ஆரஞ்சுப் பழம் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பழக்காரர் அறிவர்.

பாய்மரத்தை நம்பி வாழ்ந்தவர்க்குப் புயல் மட்டுமே பகையன்று. புயலுக்கு முன் கரைசேர வழியுண்டு; காற்றே இல்லாத கடலில் என்ன செய்வது? நம் கரையிலும் கட்டுமரம் ஏறியவர்கள் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு மணிக்கணக்கில் துடுப்பு வலித்துக் கரைக்கு வந்த நாள்கள் ஏராளம். அவர்கள் வந்து சேர்வதற்குள் மீன் கெட்டுப்போகும்; கெடாத மீனுக்கும் ஏலத்தில் விலை போயிருக்கும். ஆகவே, படகின் பின்புறத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு மோட்டார் வந்தபோது அதனைப் பாய்மரக்காரர் வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் மோட்டாரோடு ஒரு கேள்வியும் உடன் வந்தது: எத்தனை குதிரைத்திறன் போதும்? கடைக்காரரிடம் கேட்கும் எளிய கேள்வியாகவே இது தோன்றும். எனினும், இதற்குத் தவறாக விடை கண்டதனால் கடனில் மூழ்கிய குடும்பங்கள் கடற்கரையெங்கும் உண்டு என்பதால், இக்கேள்வியின் வரலாற்றைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும்.

விடையின் முதற்பகுதியைக் கண்டவர் நியூமனோடு நெருங்கிய தொடர்புடையவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. நியூமன் அந்தத் தென்கடற்பயணத்தைத் தொடங்கியபோது உடன் சென்றவர் அவருடைய ஆருயிர் நண்பர் ஹரெல் ஃபுரூட். ஹரெலின் தம்பியான வில்லியம் ஃபுரூட் பொறியாளர். இவருடைய துணைவியார் கேத்தரின் கத்தோலிக்கரானார். பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகத் தாயைத் தொடர்ந்தனர். வில்லியம் மட்டும் அசையவில்லை. சான்றின் வலிமைக்கு மேல் எதையும் உறுதியாக நம்புதல் ஆகாது என்பது அவர் கொள்கை. இது குறித்து அவரும் நியூமனும் பல்லாண்டுகள் மடல்வழி உரையாடினர். 1870-இல் வெளிவந்த, நம்பிக்கையின் இயல்பை ஆராயும் நியூமனின் பெருநூலில் இவ்வுரையாடலின் சாயல் உண்டு என்பது ஆய்வாளர் கருத்து. கர்தினால் பட்டம் பெற 1879-இல் உரோமை சென்றிருந்த வேளையிலும் நியூமன் இவருக்கு நீண்ட மடல் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். அவ்வாண்டு மே 4 அன்று தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில் ஃபுரூட் காலமானார்.

எதையும் அளந்து பாராமல் நம்பாத அம்மனிதர் கப்பல் கட்டுவோரின் ஊகங்களை மட்டும் எங்ஙனம் நம்புவார்? 1867-இல் இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் இருவகை மாதிரிக் கலங்களை மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி நீளங்களில் செய்து இழுத்துப் பார்த்தார். ஒன்றுக்கு அன்னம் என்றும் மற்றதற்கு அண்டங்காக்கை என்றும் பெயரிட்டார். (நோவா பேழையிலிருந்து முதலில் அனுப்பியதும் அண்டங்காக்கைதான், ஃபுரூட் அதனை எண்ணிப் பெயரிட்டாரா என்பது வேறு.) காக்கை கூர்முகம் உடையது, அன்னம் மழுங்கிய முகம் உடையது. மெதுவாக இழுத்தபோது காக்கை எளிதாகச் சென்றது. விரைந்து இழுத்தபோது அன்னம் முந்தியது. எல்லா வேகத்துக்கும் ஏற்ற ஒரே வடிவம் இல்லை என்று இதனால் விளங்கிற்று. இதனை நினைவில் வைக்க வேண்டுகிறோம். நம் கரையின் கதைக்கு வரும்போது இது தேவைப்படும். கடற்படைத் தலைமையின் பொருளுதவியுடன் டோர்கி நகரில் தம் இல்லத்தருகே நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, 1872 முதல் அங்கு மாதிரிகளை இழுத்துச் சோதித்தார்.

அவர் கண்டதன் சாரத்தைப் பாமரரும் புரிந்துகொள்ளலாம். படகு செல்லும்போது அணியத்தில் ஓர் அலை எழுகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்தை எட்டும்போது, அணியம் ஓர் அலைமுகட்டிலும் பின்புறம் அடுத்த முகட்டிலுமாகப் படகு தான் எழுப்பிய அலைகளுக்கிடையே சிறைப்படுகிறது. அதற்கு மேல் விரைய வேண்டுமாயின் முன்னிருக்கும் அலையின்மேல் ஏற வேண்டும். ஏறுதலுக்கு ஆற்றல் பன்மடங்கு தேவை. நீர்மட்ட நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் கிடைப்பதே மணிக்கு இத்தனை கடல் மைல் என்னும் எல்லை. ஐந்து மீட்டர் படகுக்கு அது ஏறத்தாழ 5.4, ஏழரை மீட்டர் வள்ளத்துக்கு 6.7, ஒன்பது மீட்டருக்கு 7.3. பாய்மரப் படகுகள் எடையோடு நீரைக் கிழித்துச் செல்பவை. நீரின்மேல் வழுக்கிச் செல்பவை அல்ல. எனவே, இவ்வெல்லையை அவற்றில் மோட்டாரால் தகர்க்க முயல்வது வீண். படகின் பின்புறம் அமிழும், அணியம் வானம் பார்க்கும், பின்னால் மலைபோல் அலை எழும், எரிபொருள் கரையும், வேகம் மட்டும் கூடாது. மாறாக, எல்லைக்குக் கீழே பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தாலே நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஆற்றல் மிச்சமாகும்.

அப்படியாயின் எவ்வளவுதான் தேவை? மனிதத் தோளிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். 1986-இல் பெரும் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, கினோசர் கரைச்சேற்றில் ஆண்டவர் இயேசுவின் காலத்தை ஒட்டிய படகொன்று வெளிப்பட்டது. 8.27 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். பாயும் உண்டு, துடுப்பும் உண்டு. துடுப்பு வலிக்க நால்வர், திசை திருப்ப ஒருவர் என ஐவர் செலுத்தியிருப்பர் என ஆய்வாளர் கணித்தனர். இடைவிடாது உழைக்கும் ஓர் ஆளின் ஆற்றல் குதிரைத்திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நால்வர் மூச்சுமுட்ட வலித்தாலும் அரைக் குதிரைத்திறனைத் தாண்டாது. அமைதியான நீரில் அதுவே படகை நகர்த்தப் போதும். எதிர்க்காற்று எழுந்துவிட்டால் போதாது. சீடர்கள் இரவு முழுவதும் துடுப்பு வலித்து வருந்தியதாக நற்செய்தி கூறும் காட்சியைக் கடலறிந்தவன் கண்முன் காண்பான். பாய்மரப் படகுக்கு மோட்டார் தேர்வோர் காற்றற்ற நாளுக்கான ஆற்றலோடு எதிர்க்காற்றுக்கான சேமிப்பையும் சேர்த்தே எண்ணுகின்றனர். மேனாட்டுச் சிறுபடகுக்காரர் இரண்டையும் சேர்த்து எளிய கைக்கணக்கு ஒன்று வைத்துள்ளனர். ஆளும் பொருளும் ஏற்றிய படகின் மொத்த எடையில் டன் ஒன்றுக்கு நான்கு குதிரைத்திறன் என்பதே அது. அரை டன் படகுக்கு இரண்டு, ஒரு டன்னுக்கு நான்கு அல்லது ஐந்து, இரண்டு டன்னுக்கு எட்டு. இக்கணக்கில் படகின் நீளத்தை விட எடையே முதன்மை பெறுவதைக் காண்க. நீளம் வேகத்தின் எல்லையை வகுக்கிறது. எடையோ அதனை எட்டுவதற்கான ஆற்றலை வகுக்கிறது.

மோட்டாரைப் படகின் பின்புறத்தில் மாட்டும் எண்ணம் பழையது. பாரிசில் குஸ்தாவ் துரூவே 1881-இலேயே சுக்கானோடு இணைத்த மின்மோட்டாரைச் செய்ன் நதியில் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் காமரன் வாட்டர்மன் 1906 முதல் எரிபொருள் மோட்டார்களை விற்றார். ஆனால் அதனை ஏழையும் வாங்கத்தக்க பொருளாக்கியவர் நார்வேயில் பிறந்து மில்வாக்கி நகரில் குடியேறிய ஓலே எவின்ரூட். 1909-இல் அவர் விற்ற மோட்டாரின் எடை 62 பவுண்டு. விலையும் 62 டாலர். ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். மேலே கண்ட கணக்குப்படி பதினைந்து துடுப்புக்காரரின் உழைப்பு அதில் அடங்கும். ஒன்றரை என்னும் எண்ணைக் கேட்டு இன்று நகைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

எவின்ரூட்டின் தாய்நாடே நம் அண்டைக் கரைக்கு இயந்திரத்தைக் கொணர்ந்தது. ஆனால் வேறு வகையில். 1952-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி இந்திய-நார்வே திட்டம் 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கியது. நாட்டு வள்ளங்களுக்குள் இயந்திரம் பொருத்துவதே முதல் எண்ணம். இயந்திரத்தின் அதிர்வைத் தாங்க அவற்றின் உடல் அமைக்கப்படவில்லை. ஆகவே வல்லுநர்கள் வள்ளத்தைக் கைவிட்டு, டீசல் இயந்திரத்துக்கு ஏற்ற புதிய படகுகளை வடிவமைத்தனர். இறால் ஏற்றுமதி பெருகிய காலத்தில் அவை இழுவைப் படகுகளாக வளர்ந்தன. படகுக்கு ஏற்ற இயந்திரம் தேடப் புறப்பட்டவர்கள் இயந்திரத்துக்கு ஏற்ற படகைச் செய்து முடித்தனர். அப்படகை வாங்க இயலாத பெரும்பான்மை மீனவர் பாயோடும் துடுப்போடும் நின்றனர். தம் வலைக்கு வரவேண்டிய மீனை இழுவைமடி வாரிச்செல்வதையும் கண்டனர்.

மறுவழியைத் தேடியவர்களுள் திருச்சபையின் தொண்டர்களும் இருந்தனர். திருவனந்தபுரம் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா உருவாக்கிய மரியநாட்டில் மீனவர் தம் மீனைத் தாமே விற்கும் சங்கம் கண்டனர். அத்தகைய சங்கங்கள் இணைந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாயின. கோட்டாறு மறைமாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியேர் ஜில்லே படகு கட்டும் தளத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். வள்ளம் குடையும் பெருமரம் அரிதாகிவந்த காலம் அது. ஒட்டுப்பலகைகளைத் தைத்து மூட்டுகளில் கண்ணாடியிழை ஒட்டி, அலைவாய்க் கரையில் தள்ளவும் ஏற்றவும் தக்க வள்ளத்தை மீனவரோடு கலந்து உருவாக்க முயன்றார். ஒரு வடிவம் தேறப் பல வடிவங்கள் தோற்றன. 1985-இல் வெளியான தம் நூலுக்கு அவர் 'சிறியது கடினம்' எனப் பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். சிறியதே அழகு என்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், உளிபிடித்த ஒருவர் வைத்த தலைப்பு அது.

1980-களின் தொடக்கத்தில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் ஜப்பானிய மண்ணெண்ணெய் மோட்டார்கள் வந்திறங்கின. அரசு ஆவணங்கள் இவற்றை வெளிப்பொருத்தும் இயந்திரம் என்றன. கரையில் மோட்டார் என்றாலே போதும். ஏழு, எட்டுக் குதிரைத்திறன் என்பதே முதல் அளவு. ஏழரை மீட்டர் வள்ளம் ஆளும் வலையும் மீனும் சேர இரண்டு டன் எடையுள்ளது என வைத்துக்கொண்டால், ஃபுரூட்டின் எல்லையும் டன்னுக்கு நான்கு என்னும் கணக்கும் எட்டையே சுட்டும். கணிதம் படியாமலே கரை சரியான எண்ணில் தொடங்கியது எனலாம். எட்டுக் குதிரைத்திறன் மோட்டார் முப்பது கிலோ அளவில்தான் இருக்கும். ஒருவரே தோளில் சுமந்து வீடு கொண்டுபோகலாம். பாயும் உடன் இருந்தது. போகும்போது கரைக்காற்று, வரும்போது கடற்காற்று என்னும் பழைய ஒழுங்கில் காற்று தவறும் வேளையில் மட்டுமே கயிற்றை இழுத்து மோட்டாரை உயிர்ப்பித்தனர். மோட்டார் பாய்க்குத் துணையாக இருந்த அந்தச் சில ஆண்டுகளே, நம் கருத்தில், இம்மாற்றத்தின் நற்காலம்.

பின்னர் எண் ஏறத் தொடங்கியது: 9.9, 15, 25, 40. இதனைப் பேராசை என்று ஒரு சொல்லில் கடந்துபோவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். கரையருகு மீனை இழுவைப் படகு அள்ளிய பின் தொலைவு செல்லாமல் வழியில்லை. முதலில் கரைசேர்ந்தவனுக்கே ஏலத்தில் நல்விலை. அண்டைவீட்டான் பதினைந்து வாங்கிய பின் எட்டு வைத்திருப்பவன் ஒவ்வொரு நாளும் பிந்தினான். தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவர் முடிவும் அறிவுடையதே. எல்லாரும் பதினைந்துக்கு வந்தபோது எவரும் முந்தவில்லை, எரிபொருட் செலவு மட்டும் இரட்டித்தது. இருவீச்சு மோட்டார் முழு விசையில் ஓடினால் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கும். எட்டுக்கு நான்கு லிட்டர், நாற்பதுக்கு இருபது.

அன்னமும் காக்கையும் இங்கே நினைவுக்கு வருகின்றன. மெதுவாகச் செல்ல அமைந்த வடிவத்தை விரைந்து ஓட்டினால் அது தோற்கும். எனவே, பெரிய மோட்டாரைத் தாங்க வள்ளத்தின் வடிவம் மாறியது. இரு முனையும் கூரான வள்ளத்தில் மோட்டார் மாட்டத் தட்டையான பின்பலகை கிடையாது. முதலில் பக்கத்தில் சட்டம் கட்டித் தொங்கவிட்டனர். பின்பு, பின்புறம் தட்டையாக வெட்டப்பட்ட படகுகள் வந்தன. அடிப்பாகம் அகன்று எடை குறைந்த படகு போதிய விசை இருந்தால் அலைமேல் ஏறி வழுக்கி ஓடும். அதற்கு ஃபுரூட்டின் எல்லை பொருந்தாது. ஆதலால் நாற்பது குதிரைத்திறன் எல்லாப் படகுக்கும் மிகை என்று கூறிவிட முடியாது. ஆனால் அப்படகு பாய்மரப் படகன்று. கேரளத்தில் 1980-களின் நடுவே சுருக்குவலை பரவியபோது, நீண்ட பலகை வள்ளங்கள் இரண்டு மூன்று நாற்பதுகளைச் சுமந்தன. கடனுக்கு வாங்கிய மோட்டார் உப்புநீரில் நாள்தோறும் உழைத்துச் சில ஆண்டுகளில் தேய்ந்தது. பல வீடுகளில் மோட்டார் போன பிறகும் தவணை நின்றது. தமிழகத்தின் கிழக்குக் கரையிலோ லோம்பார்டினி டீசல் இயந்திரத்தில் நீண்ட வால்போன்ற தண்டு பொருத்தி ஓட்டும் முறை வேரூன்றியது; ஒன்பது குதிரைத்திறன் அளவில் நின்ற அது சிக்கனத்தில் இருவீச்சு மோட்டாரை வென்றது.

பாய் எப்போது மறைந்தது என்று நாள் குறிக்க இயலாது. பெரிய மோட்டார் வந்த படகில் பாய்மரமும் பருமலும் இடத்தை அடைக்கும் சுமையாயின. முதலில் மழைக்காலத்தில் வீட்டில் விட்டுச் சென்றனர், பிறகு எக்காலத்திலும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கட்டுமரம் இழந்தோர் பலர்க்கு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகும் மோட்டாரும் கிடைத்தன. கொடுத்தோர் அன்பால் கொடுத்தனர், ஐயமில்லை. கட்டுமரத்துக்கு எரிபொருள் வேண்டியதில்லை என்பதைப் பெற்றோர் பின்னரே கணக்கிட்டனர். காற்றின் குறிப்பறிந்து பாய் திருப்பும் கலையைத் தந்தை மகனுக்குக் கற்பிக்கும் தேவையும் அத்தோடு அருகியது. நடுக்கடலில் மோட்டார் நின்றுவிட்ட படகு இன்று கைப்பேசியையும் வேறு படகையும் நம்புகிறது. முன்பு அதே இடத்தில் ஒரு துண்டுப் பாய் இருந்தது.

பாயை இன்னும் விடாதவர்களும், மண்ணெண்ணெய் விலையால் சிறிய மோட்டாருக்குத் திரும்ப எண்ணுவோரும் கவனிக்க வேண்டிய சில உண்டு. மோட்டாரின் எடை பின்புறத்தில் தொங்குகிறது: எட்டுக்கு முப்பது கிலோ என்றால், நாற்பதுக்கு எழுபதைத் தாண்டும். சிறுபடகில் அது ஓர் ஆள் எந்நேரமும் பின்பலகையில் அமர்ந்திருப்பதற்கு ஒப்பாகும். பாய் விரித்த வேளையிலும் பின்புறம் நீரை இழுத்துக்கொண்டே வரும். மோட்டார் தண்டின் நீளம் மற்றொன்று. 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என மூவகை உண்டு. குட்டைத் தண்டை உயர்ந்த பின்பலகையில் மாட்டினால், அணியம் அலையில் குத்தும் ஒவ்வொரு முறையும் விசிறி நீரைவிட்டு எழுந்து வெறுங்காற்றில் அலறும். அவ்வேளையில் பதினைந்து குதிரைத்திறனும் ஒன்றுதான், ஐந்தும் ஒன்றுதான்.

விசிறியைப் பற்றிக் கடைகளில் பேசுவாரே அரிது. விரைவுப் படகுக்கெனச் செய்த மோட்டாரில் விசிறி சிறியது. அதன் இதழ்கள் ஒரு சுற்றில் நெடுந்தொலைவு முன்னேறும்படி சாய்க்கப்பட்டவை. இரண்டு டன் வள்ளத்தைத் தள்ளும்போது அது நீரைக் கலக்குமேயன்றிப் படகை நகர்த்தாது. இயந்திரமும் தன் முழுச் சுற்றை எட்டாமல் திணறிக் கரியடையும். அதே மோட்டாருக்கு, இடம் கொள்ளுமளவு அகன்ற, சாய்வு குறைந்த விசிறியை மாட்டினால் எட்டுக் குதிரைத்திறன் எட்டாகவே நீரில் இறங்கும். குதிரைத்திறன் மோட்டாரின் மேல்மூடியில் தொலைவிலிருந்தே தெரியும்படி பெரிய எண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. விசிறியின் அகலமும் சாய்வும் அதன் குடத்தில் அங்குலக் கணக்கில் சிறிய எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குமுன் குனிந்து, அழுக்கைத் துடைத்துவிட்டுப் படிக்க வேண்டும்.